பூந்தி லட்டும் மூன்றாவது சக்கரமும்

அங்கே உட்காராதீர்கள். எனக்கு இந்தப் பக்கம் வாருங்கள். சாயங்காலமானால் கடற்காற்று இந்த வளைவில்தான் நேராக வந்து அறையும், புழுதியோடு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த ஓரத்தில் உட்கார்ந்தால் ராத்திரி முழுக்க நீங்கள்தான் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். ஆம், இப்படி. என் குடைக்குப் பின்னால். இப்போது சரி.

புதிதா? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கீழே வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே பச்சைச் சட்டை, அது உங்கள் பெரியவளா? சேர்க்க வந்தீர்களாக்கும். நல்லது. பெற்ற பிள்ளையைப் பிரேக் இல்லாத சைக்கிளில் ஏற்றிவிடுவதற்கு நாமே வெயிலில் வரிசையில் நிற்கிறோம் பாருங்கள், நம்மைப் போல புத்திசாலிகள் உண்டா?

ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? பிரேக் கிடையாது. மாதா சத்தியமாகக் கிடையாது. மிதிப்பதை நிறுத்தவும் முடியாது. சக்கரம் சுற்றினால் பெடல் சுற்றும், பெடல் சுற்றினால் கால் சுற்றும். நிற்க வேண்டுமென்றால் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு, சும்மா சில சுற்று சுற்றித்தான் நிற்க முடியும். கல்யாணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பயப்படாதீர்கள், பயப்படாதீர்கள். குழந்தையை இப்படி இறுக்கிப் பிடித்தால் அவனுக்கு மூச்சு முட்டும். விழுவதெல்லாம் எப்போதாவதுதான். சிமெண்ட் தரை, தோலை மட்டும் எடுத்துக்கொண்டு எலும்பைத் திருப்பித் தந்துவிடும். பெரும்பாலும்.

நான் ஆக்ஸி அம்மா. இங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நாளைக்கு நீங்களும் உங்கள் பெயரை கேட்டில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். என் மகள் ஆக்ஸிலியா. சகாய மாதா திருநாளில் பிறந்தாள் என்று நான் படித்த கான்வென்ட் மதர் வைத்த பெயர். உதவி என்று அர்த்தமாம். வைக்கும்போதே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் உதவி செய்துவிட்டு நிற்கிறாள் இப்போது.

அதோ, புல்தரையில் நாலு பேர் நிற்கிறார்கள் பாருங்கள். உயரமாக, தோள் குறுகி, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு... கை காட்டாதீர்கள்! கையை இறக்குங்கள். அவள் இந்தப் பக்கம் திரும்பிவிடப் போகிறாள். நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. இல்லையென்றால், அங்கே கூரை போட்ட இடத்தில் மின்விசிறிக்கு அடியில் எல்லா அம்மாக்களும் உட்கார்ந்து முறுக்கு தின்கிறார்களே, நான் மட்டும் இந்தத் தூணுக்குப் பின்னால் காற்று வாங்க வந்திருப்பேனா?

மகள் போட்ட உத்தரவு. "நீ கேலரிக்கு வரக் கூடாது." பெற்றவளுக்கு! போன வருஷத்திலிருந்து வீட்டுக்கும் வருவதில்லை, இங்கேயே ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வருவாள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லோருக்கும் கைகூப்புவாள் இல்லையா, அதில் எனக்கும் ஒன்று கிடைக்கும். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

அப்படி நான் என்ன செய்துவிட்டேன் என்று கேளுங்கள். கேளுங்கள். நீங்களும் ஒரு தாய். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இந்த நாலு பேர் ஓட்டம் இருக்கிறதே, இது ஒரு விசித்திரமான ஓட்டம். நாலு கிலோமீட்டர், இந்த மைதானத்தில் பன்னிரண்டு சுற்று. நாலு பேரும் ஒருத்தி பின்னால் ஒருத்தி, ஒரு சாண் இடைவெளியில், ரயில் பெட்டி மாதிரி போக வேண்டும். முன்னால் போகிறவள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, வளைவில் சுவர் மாதிரி சாய்ந்து உயர்ந்திருக்கிறதே, அந்த மேட்டுப் பக்கம் ஏறி ஒதுங்குவாள். மற்ற மூணு பேரும் அடியில் கடந்து போவார்கள். இவள் சறுக்கி இறங்கி வாலில் ஒட்டிக்கொள்வாள். அடுத்தவள் தலைக்கு வருவாள். இப்படியே மாற்றி மாற்றி.

எதற்கு இந்தக் கும்மி என்று கேட்டேன். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்றே கேட்டேன். அதற்குக் கோச் ஒரு பாடம் நடத்தினார். பெயர் குலோத்துங்கன். பெயரைக் கேட்டால் கலிங்கம் வென்ற மாதிரி இருக்கும். ஆளைப் பார்த்தால் தொப்பியும் விசிலும் மட்டும்தான் இருக்கும். "மேடம், வேகமா போகப் போக எதிரி யாருமில்ல, காத்துதான் எதிரி. முன்னாடி போறவ காத்தைக் கிழிக்கிறா. அவ முதுகுக்குப் பின்னாடி ஒரு மறைவு உண்டாகுது. அந்த மறைவுல வர்றவளுக்கு மூணுல ஒரு பங்கு உழைப்பு மிச்சம்."

மிச்சமாம். யாருக்கு மிச்சம்? காலையில் எழுந்து முட்டை அவித்து, வெள்ளைக் கருவைத் தனியாக எடுத்து, கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி, பாதாம் ஊறவைத்துத் தோலை உரித்து, இவளுக்கு நான் ஊட்டுகிறேன். இவள் போய் முன்னால் நின்று காற்றைக் கிழிக்கிறாள். பின்னால் அந்தச் சுடர்விழி என்று ஒரு சுண்டெலி இருக்கிறாள் பாருங்கள், சட்டையே தோளில் நிற்காது, அவள் நோகாமல் மறைவில் வருகிறாள். நான் அவித்த முட்டையில் சுடர்விழி சைக்கிள் ஓட்டுகிறாள்!

இதைக் கூட்டத்திலேயே சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சுடர்விழியின் அம்மா எழுந்து போய்விட்டாள். உண்மை சொன்னால் எழுந்து போகத்தானே செய்வார்கள்?

அதற்கும் அந்தச் சோழ மன்னர் விடவில்லை. "பின்னாடி வர்றவ சும்மா வரல மேடம். முன்னாடி போறவ முதுகுல காத்து சுழன்று பின்னாடி இழுக்கும். ஒட்டி ஒருத்தி வந்தா அந்த இழுப்பு கொஞ்சம் குறையும். முன்னாடி இருக்கிறவளுக்கும் அது உதவிதான்" என்றார். பின்னால் உட்கார்ந்துகொண்டு உதவி செய்கிறார்களாம்! எங்கள் மாமியார் வீட்டில் இப்படிப் பின்னால் உட்கார்ந்து உதவி செய்கிறவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். ஆளுக்கொரு தட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள், உதவிக்கு.

இன்னொன்று கவனித்தேன். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு சுற்று. என் மகளுக்கு மட்டும் ஒன்றரை, சில நாள் இரண்டு. கேட்டால், "அவளால முடியும்" என்கிறார். முடிந்தவள் தலையில் எல்லாவற்றையும் கட்டு. இதைச் சொல்ல ஒரு கோச் எதற்கு? எந்த வீட்டு மருமகளைக் கேட்டாலும் சொல்வாளே.

சும்மா வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் சிஸ்டர்களிடம் படித்தவள். அங்கே எதற்கெடுத்தாலும் உயர வரிசை. நான் வளர்த்தி. அதனால் அசெம்பிளியில் கடைசி, பவனியில் கடைசி, பரிசளிப்பு விழாப் போட்டோவில் யார் தோளுக்குப் பின்னாலோ அரை நெற்றி. பள்ளிக்கூடத்தை விட்டு வரும்வரை நான் பார்த்ததெல்லாம் எனக்கு முன்னால் நின்ற ஃபிலோமினாவின் ரெட்டைச் சடை ரிப்பன்தான். மதர் மேடையில் என்ன பேசினார் என்று ஒருநாளும் எனக்குத் தெரியாது. ரிப்பனில் எத்தனை மடிப்பு என்று கேளுங்கள், சொல்கிறேன். அப்போதே முடிவு செய்தேன். எனக்கு ஒரு பெண் பிறந்தால் அவள் யார் முதுகையும் பார்க்க மாட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மாநிலப் போட்டி. இறுதிச் சுற்று. இதே மைதானம். எதிரே கொங்குப் பக்கத்து அணி. மேடையில் பெரிய மனிதர்கள் எல்லாம் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுக்கிறவர்கள் வந்திருப்பதாகப் பேச்சு. நான் மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை. பாத்ரூம் வாசலில் பிடித்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "கடைசியில உன் முறை வரும்போது ஒதுங்காதே. யாருக்கும் விட்டுக் கொடுக்காதே. ஓங்கி மிதிச்சு முன்னாடி ஓடிடு. யாரு முதல்ல வர்றான்னு மேடையில இருக்கிறவங்க கண்ணால பார்க்கட்டும்."

"அம்மா, அது அப்படி இல்லம்மா" என்றாள்.

"எப்படி இல்ல? நாலு மணிக்கு எந்திரிச்சு உனக்கு அவிச்சுக் கொட்டுறது அடுத்தவ மகள் ஜெயிக்கிறதுக்கா? உனக்கு என் மேல பாசம் இருந்தா நான் சொன்னதைச் செய்."

இவ்வளவுதான். இதற்குப் பெயர் வற்புறுத்துவதா? நீங்களே சொல்லுங்கள். ஒரு வார்த்தை.

நல்ல பெண். செய்தாள். ரெண்டு சுற்று பாக்கி இருக்கும்போது இவள் முறை வந்தது. ஒதுங்கவில்லை. அடித்தாள் பாருங்கள் ஒரு மிதி! மூணு பேரையும் பிய்த்துக்கொண்டு தனியாகப் போனாள். பின்னால் பத்து மீட்டர் இடைவெளி, இருபது மீட்டர் இடைவெளி. நான் பெஞ்சு மேல் ஏறிவிட்டேன். "ஓடு ஆக்ஸி, ஓடு, திரும்பிப் பார்க்காதே!" என்று நான் கத்திய கத்தலில் மேடையில் ஒருவர் மாலையைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கோட்டைத் தாண்டினாள். முதல்! எட்டுப் பேரில் முதல்! எதிர் அணிக்காரிகளைவிட முன்னால்!

வீட்டிலேயே பிடித்த பூந்தி லட்டு ஒரு டப்பா கொண்டுபோயிருந்தேன். திறந்தேன். கேலரி முழுக்கக் கொடுத்தேன். படியிறங்கிப் போய் நடுவர்களுக்குக் கொடுத்தேன். எதிர் அணிக் கோச்சுக்குக்கூட, பாவம் தோற்றுவிட்டாரே என்று, பெரிய லட்டாகப் பார்த்து ஒன்று கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க. நீங்க பண்ணுன உதவிய எங்க பொண்ணுங்க மறக்க மாட்டாங்க" என்றார். எவ்வளவு பெருந்தன்மை, தோற்றாலும் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் மைக்கில் அறிவித்தார்கள். கொங்குப் பக்கத்து அணி வெற்றி.

நான் நேராக மேசைக்குப் போய்விட்டேன். "கண்ணு தெரியுதா உங்களுக்கு? யார் முதல்ல வந்தா?" குலோத்துங்கன் சார் வந்து என் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு வந்தார். "மேடம், முதல்ல வர்றவளுக்கு இங்க நேரம் கிடையாது. மூணாவதா வர்றவளோட முன்சக்கரம் கோட்டைத் தொடுறதுதான் நேரம். முதல் ஆளு மின்னல் மாதிரி வந்தாலும் ஒண்ணுதான், நாலாவது ஆளு வராட்டியும் ஒண்ணுதான். மூணாவது ஆளு சுடர்விழி. உங்க பொண்ணு மறைவைப் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டா. அந்தப் பொண்ணு காத்துல தனியா மாட்டிக்கிட்டா."

எப்படி இருக்கிறது சட்டம்! ஊரில் எந்தப் போட்டியிலாவது மூன்றாவது வந்தவளுக்கு நேரம் பார்ப்பார்களா? பரீட்சையில் முதல் மார்க் வாங்கினால், "இருங்க, மூணாவது மார்க் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்றோம்" என்பார்களா?

அதைவிடக் கொடுமை கேளுங்கள். சார் ஆக்ஸியைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டார். "யாரு சொல்லி இப்படிப் பண்ணுன?" இவள் தலையைக் குனிந்துகொண்டு, "யாரும் சொல்லல சார். நானாதான்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், டப்பாவோடு. பெரியவர்களும் பிள்ளைகளும் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுவது நாகரிகம் இல்லையே என்று பேசாமல் இருந்தேன். கான்வென்ட் வளர்ப்பு, என்ன செய்வது.

அன்றைக்கு அணியிலிருந்து எடுத்தார். ஒரு வருஷம் மாற்று ஆள். மாற்று ஆள் என்றால் என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர் பாட்டில் தூக்குவது, டியூபுக்குக் காற்றடிப்பது. அவள் அப்பாவிடம் அழுதேன். அவர் வருஷத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிற மனிதர். அந்த வருஷத்துக்கு, "நீ சொன்னதைத்தான செஞ்சா" என்பதைத் தேர்ந்தெடுத்தார். முடிந்தது. அப்புறம் ஜனவரியில்தான் அடுத்தது.

சுடர்விழி மட்டும், அந்தச் சுண்டெலி, ஆக்ஸியோடு போய் ஹாஸ்டலில் ஒரே அறையில் சேர்ந்துகொண்டாள். யாரால் தோற்றாளோ அவளோடேயே! ரோஷமில்லாத பெண்.

ஹாஸ்டலுக்குப் போகிற அன்று என் மகள் சொன்னது இதுதான். "அம்மா, வண்டி ஓட்டும்போது எனக்கு முன்னாடி இருக்கிறவ சக்கரம் தெரியணும், சார் குரல் கேக்கணும். உன் குரல்தான் கேக்குது. நீ வராத நாள்லகூடக் கேக்குது." கத்தாமல் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

இருங்கள், இருங்கள். வண்டியைக் கோட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். இன்றைக்குத்தான் தேர்வு. எதிர் அணியெல்லாம் கிடையாது, கடிகாரத்தோடுதான் போட்டி. ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் வந்தால் நாலு பேரும் தேசியப் போட்டிக்குப் போகலாம். வராவிட்டால் இந்த வருஷம் பெண்கள் அணியே கிடையாது, ஹாஸ்டலும் காலி, என் மகள் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். எனக்கு என்ன, நல்லதுதானே. வந்து என் முட்டையைத் தானே தின்னட்டும்.

நல்லதுதான். ஏன் சிரிக்கிறீர்கள்? உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பின்னாலிருந்து ஆளுக்கொருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் பாருங்கள். முதலில் முபீனா. இரண்டாவது ஆக்ஸி. மூன்றாவது அந்த நெட்டைப் பெண். கடைசியில் சுண்டெலி. என் மகள் ஒரு வருஷம் பாட்டில் தூக்கி, போன மாதம்தான் திரும்ப இடம் பிடித்தாள்...

அம்மாடி! பயந்துவிட்டானா? ஒன்றுமில்லைடா தங்கம், துப்பாக்கிதான், குண்டு கிடையாது. தட்டிக்கொடுங்கள்.

போகட்டும். போகட்டும். ஒட்டிக்கொண்டார்களா? ஒட்டிக்கொண்டார்கள். நம் வளைவுக்கு வரும்போது குனிந்துகொள்ளுங்கள். இப்போது! கேட்டீர்களா அந்தச் சத்தம்? நாலு வண்டி, ஒரே சத்தம். வீட்டுக்குப் போன பிறகும் எனக்கு அது காதில் கேட்கும். பிடிக்கும் என்று சொல்லவில்லை.

அங்கே கோச்சைப் பாருங்கள். கோட்டுப் பக்கம் முன்னால் நாலு எட்டு, பின்னால் நாலு எட்டு. ஒரு இடத்தில் நிற்கத் தெரியாத மனுஷன். பிள்ளைகள் உயிரைக் கொடுத்து மிதிக்கிறார்கள், இவருக்கு நடைப்பயிற்சி. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறதாம். கோட்டைத் தாண்டி முன்னால் போய் நின்றால் நேரம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றால் தாமதம். வேகத்தில் போகிறவர்களுக்குக் கத்தினால் காதில் சரியாக விழாது, அதனால் நிற்கிற இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமாம். எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்.

பின்னால் வருகிறார். கோட்டுக்குப் பின்னால். மூணு எட்டு.

ஐந்தாவது சுற்றா? நான் எண்ணவில்லை, ஐந்துதான். முபீனா ஒதுங்கினாள். ஆக்ஸி தலைக்கு வந்தாள். இந்த வளைவில் பாருங்கள், நம் முகத்தில் அடிக்கிற இதே காற்று அவர்கள் முகத்திலும். இங்கே வந்தால் வேகம் குறையும், எல்லோருக்கும். என் மகளுக்குக் குறையாது. ஒரு சுற்று. ஒதுங்குவாள். ஒதுங்கவில்லை. ரெண்டு. ம், ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னேனே. பார்த்தீர்களா, நீங்களே பார்த்தீர்களா? இப்போது ஒதுங்கினாள். நெட்டைப் பெண் வந்தாள். அரைச் சுற்றுதான்! அரையிலேயே ஏறி ஒதுங்குகிறாள், மகாராணி. சுண்டெலி வந்தாள். அவளும் அரை.

கோச் இன்னும் பின்னால் போய்விட்டார். ஐந்து எட்டு.

வராது. நேரத்துக்கு வராது. இந்த வேகத்தில் வராது.

மறுபடி ஆக்ஸி. முறை வரவில்லையே? முபீனாதானே வர வேண்டும்? இரண்டு சுற்று கூடத் தாண்டவில்லை, அதற்குள் மறுபடி இவள் முன்னால். யார் சொன்னது? அவர்தான் விசில் ஊதியிருப்பார். ஒரு சுற்று. தலையை இறக்கிவிட்டாள், பாருங்கள், கைகளுக்கு நடுவில். ரெண்டு சுற்று. பின்னால் மூன்று பேரும் அவள் நிழலுக்குள் கிடக்கிறார்கள். அந்த இடைவெளியைப் பாருங்கள், சாண்கூட இல்லை, சுடர்விழி சக்கரம் அப்படியே... கோட்டுக்கு வந்துவிட்டார். கோச். கோட்டிலேயே நிற்கிறார். மூணு. இன்னும் முன்னால்தான் இருக்கிறாள். கோட்டைத் தாண்டிவிட்டார்! ஒரு எட்டு. ரெண்டு எட்டு. போதும் ஆக்ஸி, ஒதுங்கு, செத்துப்போய்விடுவாய், ஒதுங்கு... நான் கத்தவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஒதுங்கினாள். ஏறினாள். மேலே போகிறாள். இறங்க வேண்டும். இப்போது இறங்க வேண்டும். ஏன் இறங்கவில்லை? அவர்கள் போகிறார்களே. விட்டுவிட்டுப் போகிறார்களே! இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கிறதே! யாராவது நிறுத்தச் சொல்லுங்கள், என் பெண்ணை விட்டுவிட்டு... இந்தக் குடையைப் பிடியுங்கள். பிடியுங்கள் என்கிறேன். அந்தப் பையைக் கொடுங்கள். டப்பா. டப்பா...

ம். ம்ம்.

இருங்கள். தண்ணீர்.

விழுங்கிவிட்டேன், பாதியை. முழு லட்டு, கொஞ்சம் பெரியதாகத்தான் பிடித்துவிட்டேன். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வேறு ஒன்றுமில்லை.

கண்ணால் பார்த்தீர்கள்தானே? நீங்கள்தான் சாட்சி. மூணு பேரும் சேர்ந்து கோட்டைத் தாண்டினார்கள். சுண்டெலி மூன்றாவது, பல்லைக் கடித்துக்கொண்டு, நெட்டைப் பெண்ணின் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டே. என் மகள் கடைசி. கடைசிகூட இல்லை, அவள் கோட்டுக்கு வரும்போது நடுவர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவள் வந்தாளா என்று யாரும் பார்க்கவில்லை. இவ்வளவும் கிழித்தவளை யாரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன்.

அதோ, மெதுவாகச் சுற்றிக்கொண்டு வருகிறாள். சொன்னேனே, உடனே நிற்க முடியாது. மேட்டின் உச்சியில் வருகிறாள், நம் பக்கத்தில்... குனியுங்கள். ஐயோ, குடை! குடை உங்கள் கையில் இருக்கிறது. பார்த்துவிட்டாள்.

பார்த்துவிட்டாள். "அம்மா?" என்றாள். உங்களுக்குக் கேட்டதா? போய்விட்டாள். கால் நிற்காதே. இனி ஒரு சுற்று முடித்துத்தான் வருவாள். நான் போய்விடட்டுமா? இந்தப் படி வழியாக... வேண்டாம். எங்கே போவது. வாய் முழுக்கப் பூந்தி.

வருகிறாள். என்ன... "கத்தல நீ?" என்கிறாள். கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டால் நான் எப்படிப் பதில் சொல்வது? தலையை ஆட்டினேன். தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும், இல்லையா?

மைக்கில் இன்னும் சொல்லவில்லை. டப்பாவை மூடுங்கள். இல்லை, உங்களுக்கு இப்போது தர மாட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது சக்கரத்தின் நேரத்தைச் சொல்லட்டும். ஒரு தடவை கொடுத்துப் பட்டது போதும்.

இதோ, வந்துவிட்டாள். வேகம் குறைந்துவிட்டது. "நான்தான் சார்கிட்ட கேட்டு வாங்கினேன். நீ அவர்கிட்ட சண்டைக்கு வராத" என்கிறாள். பார்த்தீர்களா அகம்பாவத்தை? கடைசியில் வருவதைக் கேட்டு வாங்கினாளாம்! இப்படி ஒரு பிள்ளையை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் முன்னால் வருவதைக் கேட்டு வாங்கும், நான் பெற்றது...

மைக். உஷ். மைக்கில் பேசுகிறார்கள்.

நேரத்துக்குள். நேரத்துக்குள் என்றுதானே சொன்னார்கள்? நீங்களும் கேட்டீர்களா? சுடர்விழியைத் தூக்கிவிட்டார்கள், வண்டியோடு. கோச் தொப்பியை மேலே எறிந்துவிட்டார். வழுக்கையா அவருக்கு! இத்தனை நாளும் தெரியாது.

அழவில்லை. புழுதி. இந்த வளைவே இப்படித்தான்.

கடைசிச் சுற்று வருகிறாள், பாருங்கள். நடக்கிற வேகம்தான். கம்பியைப் பிடித்துக்கொள்வாள். ஆக்ஸி, நான் சும்மா இந்தப் பக்கம்... ஒரு வேலையாக... என்ன?

"வாயத் தொடைம்மா" என்கிறாள். ஒரு வருஷம் கழித்துப் பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சு இதுதான். வாயைத் துடை. சிரிக்காதீர்கள் நீங்கள் வேறு. "எத்தனை லட்டு இருக்கு?" என்று கேட்கிறாள். எல்லோருக்கும் இருக்கிறது, போ. அந்தச் சுண்டெலிக்கும் இருக்கிறது. ஒன்று கூடவே இருக்கிறது. கொஞ்சம் சதையாவது போடட்டும்.

எழுந்திருங்கள். கீழே போவோம். உங்கள் பெரியவளைக் கூப்பிடுங்கள், அந்தக் கோச்சிடம் சொல்லிச் சேர்த்துவிடுகிறேன். நல்ல மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். சேர்த்துவிடுங்கள், அவ்வளவுதான். பிரேக்கா? அதற்கு நான் என்ன செய்ய முடியும். நமக்கு மட்டும் யார் பிரேக் வைத்துப் படைத்தார்கள்.

படி செங்குத்து, காற்று வேறு எதிரே அடிக்கிறது. நான் முன்னால் போகிறேன், குடையைக் கொடுங்கள். குழந்தை முகத்தை என் முதுகுப் பக்கம் வைத்து ஒட்டி வாருங்கள். அவ்வளவு தூரம் விடாதீர்கள். இடைவெளி விட்டால் காற்று நடுவில் புகுந்துவிடும். இன்னும் கிட்டே. இன்னும். ஆம், இப்படியே.

அட.

ஒன்றுமில்லை, வாருங்கள். பின்னால் ஒட்டி ஒருத்தி வந்தால் முதுகில் இழுப்பு குறையும் என்று சொன்னாரே... கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது. கொஞ்சம்தான். கீழே போய் அந்த ஆளிடம் சொல்லி வைத்துவிடாதீர்கள்.